நடுமரத்தில் உன் சட்டை

நாகர்கோவிலில் உட்கார்ந்து எங்கள் தலையெழுத்தை மாற்றிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு, பாறசாலைச் சந்தியில் உட்கார்ந்து உங்கள் எல்லோருடைய அழுக்கையும் வெளுத்துக்கொண்டிருக்கும் உன் அம்மா எழுதுவது.

நீ சொல்லியனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. உன் சிநேகிதன் பொன்னன்தான் கொண்டுவந்தான். நான் கடையில் வேட்டிகளுக்குக் கஞ்சி முக்கிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் நின்று, பெண் பார்க்க வந்தவனைப் போல நெளிந்தான். "மாமி, வாற வெள்ளிக்கெழம கடையடைப்பு உண்டு. பஸ்ஸு ஒண்ணும் ஓடப்பிடாது. ஒங்க கடைக்கு முன்னால நிக்க மூணு அயனியையும் ரோட்டுல சரிச்சுப் போடணும்னு அண்ணன் சொல்லிவிட்டான். நீங்க பேடிக்காதிய. மரம் ரோட்டுப் பக்கமாக்கும் விழும். கடையில ஒரு ஓடு ஒடையாது" என்றான். நான் கேட்டேன்: "மரம் ரோட்டுப் பக்கம் விழும், செரி. தூசி எந்தப் பக்கம் விழும் மக்கா?" நான் கொடுத்த சாயாவைக் குடித்தான், தம்ளரைக் கழுவி வைத்தான், போய்விட்டான். பிள்ளை நல்ல பிள்ளை. உன் பேச்சைக் கேட்கிறான் என்பதைத் தவிர அவனிடம் குறையே இல்லை.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதுவது அல்ல. உங்கள் ஆட்கள் மாலையில் கூடுகிற இடத்தில் எழுந்து நின்று இதைச் சத்தமாகப் படி. கூட்டத்தில் முழங்குகிற அந்தக் குரலிலேயே படி. நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதிதான். மீதிப் பாதியில் உன் மாமன் பிறந்துவிட்டான், தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. ஆகவே எழுதியது நான், பிழை பார்த்தது உன் தங்கை கனகம். நான் எழுதியிருந்த வசவில் பாதியை அவள் அடித்துவிட்டாள். மிச்சம் இருப்பது உனக்குப் போதாது என்று தோன்றினால் அடித்ததையும் மனதில் சேர்த்துக்கொள். உன் அப்பா இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே, "அவளுக்க தொண்டையில மரம் மொளச்சாத்தான் இண்ணைக்கு நிறுத்துவா" என்கிறார். மரம் முளைக்கட்டுமே. அதையும் வந்து வெட்ட உனக்கு ஆள் இருக்கிறது.

சந்தை வளைவிலிருந்து பஸ் நிற்கிற ஆலமரம் வரைக்கும் ரோட்டின் நம் பக்கம் முழுக்க மரங்கள் நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய். அயனியும் மாவும் புளியும் கலந்து நின்றன. அந்த மரங்களை நான் கொஞ்சினேன் என்று நினைக்காதே. காலை எழுந்ததிலிருந்து அவற்றைத் திட்டுவதுதான் என் வேலை. வெளுத்துக் காயப்போட்ட வேட்டியில் காக்கை எச்சம் போடும். மாம்பிசின் சொட்டும். அயனிச்சக்கை பழுத்து விழுந்து, ஏதோ ஒரு கல்யாணப் புடவையில் மஞ்சளாக அப்பிக்கொள்ளும். நீயும் சும்மா இருந்தாயா? மூன்று அயனியில் நடுவில் நிற்கிறதே, அதில் பழம் பறிக்க ஏறிச் சட்டையைக் கிழித்துக்கொண்டாய். அடிக்குப் பயந்து கிழிந்த சட்டையை அந்த உச்சிக் கிளையிலேயே சொருகிவிட்டு, "ஆத்துல போச்சும்மா" என்று வெறும் மேலோடு வந்து நின்றாய். அடுத்த காற்றுக்கு அது விரிந்து உச்சியில் நின்று ஆடியது. சந்தைக்கு வந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்து, "மகனுக்க சட்ட ஆத்துல மெதக்குது பாருங்க" என்று என்னைக் கேலி செய்தார்கள். பொய் சொல்ல உனக்கு அப்போதே வராது. இப்போது மட்டும் வந்துவிட்டதா, "ஒரு ஓடு உடையாது" என்று சொல்லியனுப்புகிறாய்?

சரி, கதைக்கு வருகிறேன். இந்தத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நீங்கள் கிளம்பியபோது நான் உன்னைத் தடுத்தேனா? தடுக்கவில்லை. பஸ்ஸில் தமிழில் கேட்டால் திரும்பிப் பார்க்காத கண்டக்டரிடம் நானும் நின்றிருக்கிறேன். தாலுக்காக் கச்சேரியில் எனக்குத் தெரியாத எழுத்தில் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, எதற்குப் போட்டோம் என்று தெரியாமல் வீடு திரும்பியிருக்கிறேன். போ மக்கா, கேள் என்றுதான் சொன்னேன். ஆனால் நீங்கள் கேட்கத் தொடங்கியது மரத்திடம். ஒரு நாள் சுண்ணாம்பு வாளியோடு வந்து, ரோட்டோர மரங்களில் பெரிது பெரிதாகத் 'த' என்று போட்டீர்கள். இது தமிழ் மண் என்று மரம் சொல்ல வேண்டுமாம். மரத்துக்கு வாய் இருந்தால் முதலில் வேறு சொல்லியிருக்கும். மறுநாள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தார் வாளியோடு வந்தார்கள். நீங்கள் விட்ட மரங்களில் மலையாள எழுத்தைப் போட்டார்கள். நீங்கள் அவர்கள் தாரைச் சுரண்டினீர்கள், அவர்கள் உங்கள் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். பட்டையெல்லாம் உரிந்து, சொறி பிடித்த மாடு போல நின்றன மரங்கள்.

நம் கடைக்கு முன்னால் நிற்கிற மூன்று அயனிக்கு மட்டும் இரண்டு பேரும் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், நீயே அன்றைக்கு வாளியோடு நின்றாய். அந்த மூன்றுக்கும் இடையே கயிறு கட்டி நான் பெண்களின் துணியைக் காயப்போட்டிருந்தேன். சேலையும் ரவிக்கையும் தொங்குகிற இடத்தில் கை வைக்கக் கூசி, உங்கள் கூட்டம் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போயிற்று. பின்னால் வந்த தார்க்காரர்களும் அதே போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். உங்கள் இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒரு நல்ல குணம் உண்டென்றால் அது இந்தக் கூச்சம்தான். அதைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறெரிகிறது. ரோட்டை அகலப்படுத்த வளைவில் நிற்கிற இரண்டு மூன்று மரங்களை எடுக்க வேண்டும் என்று ரோட்டுக்காரர்கள் முன்னமே வந்து அளந்து, அவற்றில் வெள்ளைச் சுண்ணாம்பு வளையம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வெட்டுகிற மரத்துக்கு வெள்ளை போடுவது அவர்கள் வழக்கம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது தெரியாதா? வெட்ட வந்த காண்ட்ராக்டர் வெளியூர்க்காரன். அவனுடைய ஆட்களுக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது, மலையாளமும் வாசிக்கத் தெரியாது. வெள்ளை போட்டதை வெட்டு என்றான், வெட்டினார்கள். ரோட்டுக்காரர்கள் போட்ட வெள்ளைக்கும் நீங்கள் போட்ட வெள்ளைக்கும் கோடரிக்கு என்ன வித்தியாசம் தெரியும்? நான் ஓடிப்போய், "எலே, அது எழுத்தாக்கும், வளையம் இல்ல. எம் மவன் போட்டது" என்று கத்தினேன். அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "ஒங்க மவன் ரோட்டு டிப்பார்ட்மெண்டுல இருக்கானா?" என்று கேட்டான். சிரிப்பதா அழுவதா? நீ அங்கே வந்து, மரம் விழுந்த பிறகு அதன் மேல் ஏறி நின்று, "தமிழ் மரத்தை வெட்டுகிறார்கள்" என்று முழங்கினாய். கூட்டம் கை தட்டியது. அந்த மரத்தை வெட்டு என்று அடையாளம் போட்டுக் கொடுத்தவன் நீதான் என்று ஒருவனும் சொல்லவில்லை. நான் இப்போது சொல்கிறேன்.

மிச்சம் நின்றவை தார் போட்ட மரங்கள். அவையாவது நிற்கும் என்று நினைத்தேன். போன கடையடைப்புக்கு உங்கள் ஆட்களே வந்து, "இது அவனுக்க மரமாக்கும்" என்று சொல்லி, ஒவ்வொன்றாக ரோட்டில் சாய்த்தார்கள். அடுத்த நாள் போலீஸ் வந்து தடியை இழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைத் திறந்தது. உங்கள் மறியல் ஒரு பகல் இருந்தது. மரம் எத்தனை காலம் நின்றது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இப்படி, நம் மரங்களைக் காண்ட்ராக்டர் வெட்டி, அவர்கள் மரங்களை நாம் வெட்டி, நடுவில் பஸ்ஸும் லாரியும் ராஜபாட்டையில் போவது போல வருகிறது.

அன்றையிலிருந்து நம் வீட்டுக்குள் என்ன வருகிறது என்று கேள். செம்மண் வருகிறது. ஒரு பஸ் போனால் ஒரு படலம், போலீஸ் லாரி போனால் இரண்டு படலம். கலவரம் என்று சொல்லிச் சொல்லி, முன்பு எப்போதோ வந்த லாரி இப்போது ஓயாமல் வருகிறது. கஞ்சியில் தூசி, உப்பில் தூசி, உன் அப்பா இஸ்திரி போட்டு மடித்து வைத்த மடிப்புக்குள் தூசி. தூசியையாவது தட்டலாம். சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறார்களே, அந்தக் கறுத்த புகை ஈரத் துணியில் படிந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது. மரம் இருந்தபோது இது இல்லையா என்று கேட்பாய். இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் இலையில் தங்கியது. அயனியின் ரோட்டுப் பக்கத்து இலைகள் எப்போதும் சிவந்து கிடக்கும், நம் பக்கத்து இலைகள் பச்சையாக இருக்கும். மழை பெய்தால் அடிமரத்தில் சிவப்புத் தண்ணீர் ஓடும். அது நம் வீட்டுக்குள் வர வேண்டிய சிவப்பு என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை. காக்கை எச்சத்தைத்தான் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உங்கள் வக்கீல் வந்தார். மேடையில் உனக்கு முன்னால் பேசுவாரே, அவர்தான். ஜிப்பாவை விரித்துப் பிடித்துக்கொண்டு, "எம்மா, இது என்ன கோலம்? வெள்ளயாட்டுல்லா தந்தேன்?" என்றார்.

"வெள்ளயாத்தான் அலக்கினேன் வக்கீலே. காயப்போட்ட நேரம் பாத்து ரெண்டு போலீஸ் லாரி போச்சு. அவிய சாயம் முக்கீட்டுப் போனாவ."

"மேல ஒரு துணி போட்டு மூடப்பிடாதா?"

"மூடினா காயுமா? முன்னால எலைய வச்சு மூடித்தான் இருந்தது. நீங்கதான ஆள விட்டுத் தெறந்து விட்டிய?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கோர்ட்டில் வாதாடுகிறவர் அல்லவா, விடுவாரா? "எம்மா, மரம் இருந்தாலும் பொக அடஞ்சு நிக்கும். உலகச் சண்டக் காலத்துல கரி பஸ்ஸு ஓடுனப்போ, ஆலமரத்துக்குக் கீழ மூச்சு முட்டுதுண்ணு கத்துனது நீங்கதான?" என்றார். நல்ல ஞாபகம். உண்மைதான், கத்தினேன். பின்னால் பீப்பாய் கட்டி, அதில் கரியை எரித்து ஓட்டிய பஸ் உனக்கும் நினைவிருக்கும். டிரைவர் ஆலமரத்தின் அடியில் நிறுத்திக் கரியைக் கிளறுவான். ஆலமரக் கிளை பஸ்ஸின் மேல் உட்காருகிற மாதிரித் தாழ்ந்து கிடந்தது. புகை மேலே போக வழியில்லாமல் கூரைக்குள் அடைந்த மாதிரி நின்றது. பயணிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். மரம் எங்கே நின்றாலும் நல்லது என்று நான் சொல்லவே இல்லை. புகைக்கு மேலே மூடியாக நின்றால் தொந்தரவு, புகைக்கும் வீட்டுக்கும் நடுவில் வேலியாக நின்றால் உபகாரம். ஆனால் வக்கீல் ஒன்றை மறந்துவிட்டார். அன்றைக்கு ஆலமரத்தை வெட்டவில்லை. தாழ்ந்த கிளையை மட்டும் கழித்துவிட்டார்கள், புகை மேலே போயிற்று, மரம் இன்றும் நிற்கிறது. "வக்கீலே, தலையில பேன் இருந்தா தலைய வெட்டுவியளா?" என்று கேட்டேன். ஜிப்பாவை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன கால் தடம் மறையுமுன் அந்தப் பக்கத்து மாஷ் வந்தார். உன்னையும் உன் கூட்டத்தையும் கண்டால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவாரே, அந்த வாத்தியார். அவரும் சட்டையை விரித்தார். "இதெந்தா? வெளுக்கானல்லே ஞான் தந்தது? இது காவியாயிப்போயல்லோ! ஞான் சந்நியாசத்தினு போகுன்னில்லா" என்றார். வெளுக்கக் கொடுத்தால் காவியாகிவிட்டதாம், அவர் சந்நியாசம் போகிற உத்தேசத்தில் இல்லையாம். நான் சொன்னேன்: "மாஷே, இதே நெறத்துல ஒரு ஜிப்பா இப்பத்தான் போச்சு. ரெண்டு பேரும் சேந்து நடந்தா ஒரே மடத்துச் சாமியார்னு ஊரு கும்பிடும்." மாஷ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை மக்கா. நான் சிரிக்க வைக்கிறவள்தான், ஆனால் அன்றைக்கு உள்ளே கனகம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இத்தனை நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கனகத்துக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு உண்டு, உனக்குத் தெரியும். பனிக்காலத்தில் வரும், கஷாயத்துக்குப் போகும். மரங்கள் போன பிறகு அது போகவில்லை. பஸ் நேரம் வந்தால் அவள் நெஞ்சில் விசில் கேட்கிறது. தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற பெண், ரோட்டோரம் நின்று நின்று, சேலை முந்தியால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறாள். கடைசி வகுப்பு. பரீட்சை வருகிறது. நம் குடும்பத்தில் அந்தப் பரீட்சை வரைக்கும் போனவர் யாரும் இல்லை, நீ உட்பட. உனக்கு அவசரம், ஊரைத் திருத்தப் போய்விட்டாய்.

அவளைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டணம் முழுக்க ஒரே மாதிரிக் காற்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் கடை, நடுவில் காரும் லாரியும் மாட்டுவண்டியும். அங்கே பாதி தூரம் வந்ததும் அவள் ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள், உதடு கறுத்துவிட்டது. தூக்காத குறையாக அணைத்துக்கொண்டு நடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் பெரிய மரம் நிற்கிற சாலை ஒன்று வந்தது. அங்கேயும் கார் போகிறது, அங்கேயும் புகை இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில், "அம்மா, விடுங்க, நான் நடக்கேன்" என்றாள். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டிப் புகையும் தூசியும் இவளுக்கு ஆகாது, மரமுள்ள பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். "மரம் வச்சிருந்தோம் டாக்டரே. இவளுக்க அண்ணன் வந்து எடுத்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

கள்ளிக்காட்டில் உன் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தேன். ஆறும் காடும் உள்ள இடம். அங்கே அவளுக்கு இழுப்பே இல்லை, படியேறி ஓடுகிறாள். ஆனால் அவள் படிக்கிற வகுப்பு அங்கே கிடையாது. ஒரு வாரம் இருந்தாள், புத்தகத்தைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். இப்போது மூன்று அயனிக்கு நேர் பின்னால் உள்ள அறையில் அவளை உட்கார வைத்திருக்கிறேன். மரம் போன பக்கத்து ஜன்னலைச் சாக்கு வைத்து அடித்துவிட்டார் உன் அப்பா. அயனிப் பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. இழுப்பு அடியோடு நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் படிக்க முடிகிறது, தூங்க முடிகிறது. அந்த மூன்றையும் நீ சாய்த்தால் அந்த ஜன்னலையும் சாக்கு வைத்து அடிக்க வேண்டும். ஜன்னலே இல்லாத அறையில் யார் படிப்பது? கள்ளிக்காட்டுக்குத்தான் போக வேண்டும், பரீட்சை இங்கேயே கிடக்கும். பொன்னன் சொன்னதைக் கேட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, பரீட்ச முடியட்டும். பொறவு அண்ணன் என்ன வேணும்னாலும் வெட்டட்டும்." நான் இந்த வரியை எழுதியதும் அதையும் அடித்துவிடப் பார்த்தாள், நான் விடவில்லை. பரீட்சைக்குப் பிறகும் அவள் மூச்சு விட வேண்டாமா? பரீட்சை வரைக்கும் போதும் என்று ஒரு பெண் தன் மூச்சுக்குத் தவணை கேட்கிறாள், அதுவும் சொந்த அண்ணனிடம். உனக்கு வெட்கமாக இல்லையா?

குளத்தூர்க் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருகிற மேரியை உனக்குத் தெரியும். கூடையை இறக்கி வைத்து அந்த அயனி நிழலில்தான் அவள் வெற்றிலை போடுவாள். அவளிடம் இதைச் சொன்னேன். "எக்கா, ஒங்க ஆளுங்களுக்குக் கிறுக்கு. கடப்பொறத்துல நாங்க குடிலுக்கு முன்னால பூவரசு நட்டுத்தான் சோத்துல மணல் விழாம சாப்பிடுதோம். நீங்க இருக்கதயும் வெட்டுதிய" என்றாள். மறுநாள் மீன் கூடைக்குள் மீனுக்கு மேல் பூவரசங்கம்புகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மரம் போன வெற்றிடத்தில் நானும் அவளும் அவற்றை ஊன்றினோம். போகிற வழியில் ஒருவன், யாரென்று கேட்காதே, உன் கூட்டத்தான்தான், "இதுல என்ன எழுதப் போறிய?" என்று கேட்டான். மேரி, "ஆடு திங்காம மொதல்ல நிக்கட்டும். அதுக்குப் பொறவு நீ வந்து அதுக்க காதுல கேளு" என்றாள். சில கம்புகள் துளிர்த்திருக்கின்றன. ஆனால் துளிர் தூசியைத் தடுக்காது. அது மரமாகிறவரைக்கும் அந்த மூன்றுதான் எங்களுக்கு.

மக்கா, நீங்கள் கேட்கிற எல்லை கிடைக்கட்டும். கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் விளக்கு வைக்கிறேன். கிடைத்த பிறகு என்ன செய்வீர்கள்? ஊர் பெரிதாகும். இந்தச் சந்தி பட்டணமாகும். இப்போது வருகிற பஸ்ஸைப் போல இன்னும் எத்தனையோ மடங்கு வரும். அந்தப் பட்டணத்துக்குத் தமிழில் பெயர்ப் பலகை வைப்பீர்கள், அதைப் படிக்கக் கண்ணைத் திறக்க முடியாமல் தூசி அடிக்கும். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை வரும். நம் குடும்பத்து நெஞ்சு அதற்கும் இருக்கும். அதுவும் படுத்து விசிலடித்தால், "உன் அப்பா மண்ணை வாங்கித் தந்தான், காற்றை விட்டுவிட்டான்" என்று நான் சொல்லட்டுமா? மண்ணுக்குச் சண்டை போடுகிறவர்கள் அதன் மேல் நிற்கிறதை ஒரு நாள் வேலைக்குச் சாய்க்கிறீர்களே, யார் கொடுத்த தைரியம்? வெட்டிய பிறகு தூசி தமிழன் வீட்டை விட்டுவிட்டா போகிறது?

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்வலத்துக்கு எல்லோரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று ஜிப்பாவும் வேட்டியும் முழுக்க என்னிடம்தான் வந்திருக்கின்றன. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் அன்றைக்கே கூட்டமாம், அவர்களுடைய வெள்ளையும் என்னிடம்தான். எல்லோரிடமும் வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு மேல்தான் துணி தருவேன் என்று சொல்லிவிட்டேன். வியாழன் மாலை அலக்கி, வெள்ளி விடிந்ததும் அந்த மூன்று அயனிக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, எல்லாவற்றையும் அதில்தான் போடப் போகிறேன். உன் அப்பா கயிற்றை இழுத்து முடிந்து பார்த்தார், அறாது என்றார். வக்கீலின் ஜிப்பா ஒரு கொம்பில், மாஷின் சட்டை அதற்குப் பக்கத்துக் கொம்பில். சேலை தொங்கினால் கூசி ஒதுங்குகிற பிள்ளைகள் தலைவர்களின் வேட்டி தொங்கினால் என்ன செய்வீர்கள் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. மரம் சாய்ந்தால் இரண்டு ஊர்வலமும் செம்மண்ணில் புரண்ட துணியோடுதான் போக வேண்டும். திரும்ப வெளுக்க மாட்டேன். அதைக் கூட்டத்தில் இரண்டு தடவை படி.

கயிற்றை விலக்கிவிட்டு வெட்டலாம் என்று உங்களில் ஒரு புத்திசாலி சொல்வான். விலக்கட்டும். அவசரமாகக் கிளம்பியபோது நீ அழுக்குக் கூடையில் விட்டுப் போன சட்டை ஒன்று இருந்தது. கைமுட்டில் கிழிந்திருந்ததைக் கனகம் தைத்தாள், நான் வெளுத்தேன். அதை நடுமரத்தில், நீ முன்பு ஒளித்து வைத்தாயே, அந்தக் கிளையில் போடச் சொல்லி உன் அப்பாவை ஏற்றிவிடப் போகிறேன். சந்தி முழுக்கப் பார்க்கட்டும். வெட்ட வருகிறவன் யாராக இருந்தாலும் முதலில் மேலே ஏறி அதை எடுத்து, மடித்து, ஜன்னல் வழியாகக் கனகத்தின் கையில் கொடுத்துவிட்டு வெட்டட்டும்.

வருகிறவன் நீயாக இருந்தால் கோடரியை ரோட்டிலேயே வைத்துவிட்டு வா. மெதுவாக வா, உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அம்மா